கணினி விரைவாகத் திறக்க எஸ்எஸ்டி மாற்றுவது தகுமா?

கேள்வி: எனது தட்டச்சு, ஜெராக்ஸ் கடையில் உள்ள விண்டோஸ் 10 கணினி, காலையில் வேலைக்குத் தயாராக நான்கைந்து நிமிடங்கள் எடுத்துக்கொள்கிறது. ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சில்லுகளில் தரவைச் சேமிக்கும் சாதனம்) போடச் சொல்கிறார்கள். நாளொன்றுக்கு ஒருமுறை மிச்சமாகும் சில நிமிடங்களுக்காகச் செலவு செய்வது தகுமா? மேலும், பிரின்டர் தகராறு செய்யும்போது ஷட் டவுன் செய்து மீண்டும் திறந்தாலும் சரியாவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. ஏன்?

பதில்: தகும். ஆனால் காலையில் மிச்சமாகும் நிமிடங்களை மட்டும் வைத்து இதைக் கணக்கிட வேண்டாம்.

விண்டோஸ் தொடங்கும்போது, வட்டில் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அடுத்தடுத்துப் படிக்கிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லி விநாடி ஆகும். எனவே தேவையான இடம், தரவைப் படிக்கும் முனையின் கீழ் வந்து சேர்வதற்கே சராசரியாக 4 மில்லி விநாடிக்கு மேல் காத்திருக்க வேண்டும், முனை நகரும் நேரம் தனி. எஸ்எஸ்டியில் சுழலும் தட்டோ நகரும் முனையோ இல்லாததால் இந்தக் காத்திருப்பு அநேகமாக மறைந்துவிடுகிறது. டெஸ்க்டாப் திரையில் வந்த பிறகும் எதைச் சொடுக்கினாலும் அசையாமல் நிற்கும் நேரம் உங்களுக்குப் பழக்கமாக இருக்கும்; அப்போது, கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். ‘டிஸ்க்’ என்ற நெடுவரிசை 100 சதவீதத்தில் நின்றால், தடை வட்டில்தான் இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். ஆகவே, டெஸ்க்டாப் தோன்றும் நேரத்தை அளக்காமல், முதல் ஆவணத்தைத் திறந்து அச்சுக்கு அனுப்ப முடிகிற நேரத்தையே அளக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. திறக்க நேரமாகும் கணினியை யாரும் மனமுவந்து ரீஸ்டார்ட் செய்வதில்லை. வாடிக்கையாளர் காத்து நிற்கும்போது புதுப்பிப்பு நாளைக்கு, பிறகு அடுத்த வாரத்துக்கு என்று தள்ளிப்போகிறது. பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமலே கிடக்கின்றன. கடைக் கணினியில் பிறருடைய ஆதார் நகல்களும் சான்றிதழ்களும் இருக்கும் என்பதால் இதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். அரை நிமிடத்தில் திரும்பி வரும் கணினியை ரீஸ்டார்ட் செய்ய யாருக்கும் தயக்கம் இருக்காது.

பிரின்டர் விஷயத்துக்குக் காரணம், 2012இல் விண்டோஸ் 8 உடன் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்ற வசதி. இது இயங்கும் கணினியில் ஷட் டவுன் கொடுத்தால், நீங்கள் திறந்து வைத்திருந்த நிரல்கள் மூடப்படும்; ஆனால் விண்டோஸின் கருவும் (அதன் மையப் பகுதி) டிரைவர்களும் (பிரின்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருள்கள்) இருந்த நிலை அப்படியே வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதே நிலை நினைவகத்தில் ஏற்றப்படும். தொடக்கம் விரைவாவது அதனால்தான். பிரின்டர் டிரைவரில் ஏற்பட்ட கோளாறும் அதனுடன் சேர்ந்தே திரும்பி வருவதும் அதனால்தான். ரீஸ்டார்ட் செய்யும்போதோ எல்லாம் புதிதாகத் தொடங்குகிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குச் சென்று, பவர் பட்டன் செயல்பாட்டைத் தேர்வுசெய்யும் பக்கத்தில் இந்த வசதியை நிறுத்திவிடலாம். எஸ்எஸ்டி போட்ட பிறகு இதை நிறுத்துவதால் கூடும் நேரம் பெரும்பாலும் சில நொடிகள்தான்.

வாங்கும்போது, எஸ்எஸ்டிகளில் இன்னும் வேகமான என்விஎம்இ வகைதான் வேண்டும் என்று பிடிவாதம் தேவையில்லை. தொடக்க நேரத்தைப் பொறுத்தவரை அதற்கும், ஹார்டு டிஸ்க்கைப் போன்ற இணைப்பில் இயங்கும் சாட்டா எஸ்எஸ்டிக்கும் உள்ள வேறுபாடு சிறியது. பழைய மதர்போர்டுகள் பலவற்றில் என்விஎம்இக்கு இடமே இருக்காது.

ஆனால் பணம் கொடுக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 (கணினியிலுள்ள ஒரு பாதுகாப்பு வசதி) உள்ளிட்ட தகுதிகள் வேண்டும். உங்கள் கணினி அவற்றுக்குப் பொருந்துகிறதா என்பதை மைக்ரோசாஃப்ட்டின் ‘பிசி ஹெல்த் செக்’ நிரல் சொல்லிவிடும். பொருந்தினால் எஸ்எஸ்டியில் விண்டோஸ் 11ஐப் புதிதாகவே நிறுவச் சொல்லுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல், கோப்புகள் அனைத்தும் வந்து சேர்ந்தனவா என்று சரிபார்க்கும் வரை தனியே எடுத்து வையுங்கள். பொருந்தாவிட்டால், இந்தத் தொகையைப் புதிய கணினிக்கான சேமிப்பில் சேர்ப்பதே நல்லது.