மூன்று நாளில் பினாங்கு: முழங்கால் வலியோடும் மலைமேல் முருகனைப் பார்க்கலாம்

கேள்வி: நாங்கள் பேராக்கில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். வரும் பள்ளி விடுமுறையில் மூன்று நாள் பினாங்கு போகலாம் என்று பேச்சு. நான், கணவர், 11 வயது மகன், 6 வயது மகள், 72 வயது மாமியார், ஆக ஐந்து பேர், ஒரே கார். மாமியார் ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. ஆனாலும் தண்ணீர்மலை ஏறி முருகனைப் பார்க்கணும் என்று பிடிவாதமாக இருக்கிறார். பிள்ளைகளுக்குக் கடலில் இறங்கணும். கணவரோ கொடிமலை (பினாங்கு ஹில்), கெக் லோக் சி பௌத்தக் கோயில், பத்து பெரிங்கி கடற்கரை மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்கிறார். எது முடியும், எது முடியாது?

பதில்: சகோதரி, தூரத்தை மட்டும் பார்த்தால் உங்கள் கணவர் சொல்வது சரிதான். கொடிமலை அடிவாரத்திலிருந்து பத்து பெரிங்கிக்கு இருபது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் விடுமுறை நாளில் கொடிமலை ரயிலுக்கு வரிசையில் நிற்கும் நேரம் அந்தக் கணக்கில் வராது. பத்து பெரிங்கிக்குப் போகிற ஒற்றைச் சாலையில் சாயங்காலம் வண்டிகள் ஊர்வதும் வராது. மதியம் ஒரு மணி வெயிலில் உங்கள் மாமியார் எங்கே உட்காருவார் என்பதும் வராது. இருபது வருஷமாக நம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வேனில் ஆட்களைப் பினாங்குக்குக் கூட்டிப்போய் வருகிறேன். இந்தப் பயணத்தை உங்கள் மாமியாரின் முழங்காலை வைத்துத் திட்டமிடுங்கள். அவருக்குச் சரியாக அமைந்தால் பிள்ளைகளுக்கும் தானாக அமைந்துவிடும், ஏனென்றால் ஆறு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பாட்டியும் ஒரே நேரத்தில்தான் களைத்துப் போவார்கள்.

முதலில் தண்ணீர்மலை. மேலே இருக்கும் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். இப்போதுள்ள பெரிய கோயில் 2012-இல் திறக்கப்பட்டது. சில வருஷத்துக்கு முன்பு ஒரு தோட்டத்து அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். அவருக்கும் ஏறக்குறைய உங்கள் மாமியார் வயது. வழியில் சாப்பிட்டு, பேசி, நாங்கள் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. நான் அப்போதே தடுத்திருக்க வேண்டும். அவர் ஆசையோடு கிளம்பியதைப் பார்த்து வாயைத் திறக்கவில்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறினார். நூற்று எண்பதில் எண்ணுவது நின்றுவிட்டது. உதடு வெளுத்து, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கொடுமை. இரண்டு பையன்கள் கைத்தாங்கலாக இறக்க முக்கால் மணி நேரம் ஆனது. கீழே வந்ததும் அவர் அழுதது வலியால் இல்லை, பார்க்காமல் திரும்பினோமே என்றுதான். அன்றிலிருந்து முழங்கால் தேய்ந்தவர்களை அந்தப் படியில் நான் ஏற்றுவதில்லை.

உங்கள் மாமியாருக்கு வேறு வழி இருக்கிறது. கொடிமலை உச்சியிலும் ஒரு முருகன் கோயில் உண்டு, அருளொளி திருமுருகன் கோயில். பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது. அங்கே படி ஏறிப் போக வேண்டாம், ரயிலே மேலே கொண்டுபோய் விட்டுவிடும். மேல் நிலையத்திலிருந்து கொஞ்சம் ஏற்றமான நடைதான், கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போனால் போதும். தீவிலேயே உயரமான மலை அது, 833 மீட்டர். கீழே இருப்பதைவிட நன்றாகவே குளிரும், அதனால் அவருக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ரயில் 1923-இலிருந்து ஓடுகிறது. உங்கள் மாமியார் இளவயதில் போயிருந்தால், பாதி வழியில் இறங்கி வேறு பெட்டிக்கு மாறி, அரை மணி நேரம் ஆடி அசைந்து போனது ஞாபகம் இருக்கும். 2011-இல் புது வண்டி வந்தபிறகு மாறுகிற வேலை இல்லை, பத்து நிமிஷத்துக்குள் உச்சிக்குப் போய்விடலாம். ஆனால் ரொம்பச் செங்குத்து. நின்றுகொண்டு போனால் முழங்காலில் பாரம் இறங்கும், ஆகவே அவருக்கு உட்கார இடம் பிடித்த பிறகு மற்றவர்கள் நில்லுங்கள்.

விடுமுறைக் கூட்டத்தைச் சமாளிக்க ஒரே வழி விடியற்காலை. காலை ஏழு மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். டிக்கெட்டை முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள். பெரியவர்களின் மைகார்டு, பிள்ளைகளின் மைகிட் என்று அடையாள அட்டை எல்லாவற்றையும் கையில் வைத்திருங்கள், உள்நாட்டுக்காரர் விலைக்கு அதைக் காட்ட வேண்டும். பத்தரை மணிக்குள் இறங்கிவிட்டால், கீழே வரிசை வளைந்து வளைந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே நீங்கள் காருக்குப் போகலாம்.

சரி, எந்தப் பாலத்தில் போவது? குவாலா கங்சார் சாவடியில் நெடுஞ்சாலை ஏறி வடக்கே போகிற நமக்கு இரண்டாவது பாலம்தான் வசதி. பத்து காவானில் பிரிந்து தீவின் பத்து மாவுங்கில் இறங்கும். பிறையில் முதல் பாலத்துக்கு முன்னால் நிற்கிற நெரிசல் இதில் குறைவு. 2014-இல் திறந்தது, நீளம் 24 கிலோமீட்டர். முதல் பாலம் 1985-இல் வந்தது. இரண்டிலும் காருக்கு 7 ரிங்கிட் கட்டணம், அதுவும் தீவுக்குப் போகும்போது மட்டும்தான், திரும்பும்போது கிடையாது. சாலைக் கட்டணம் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள்.

பாலத்தில் போகும்போது மாமியாரை வலப்பக்க சன்னலோரம் உட்கார வையுங்கள். தீவை நெருங்கும்போது வலது பக்கம் காடு மூடிய ஒரு சின்னத் தீவு தெரியும். அதுதான் ஜெரஜாக். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ரஜூலா மாதிரிக் கப்பல்களில் வந்த நம்மவர்களில் எத்தனையோ பேரைத் தோட்டத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் நோய்த்தடுப்புக்காக அங்கேதான் வைத்திருந்தார்கள். நான் அந்த இடம் வந்ததும் வேனில் பாட்டை நிறுத்திவிடுவேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும் யாராவது ஒரு பெரியவர் தன் அப்பா கப்பலேறிய கதையை ஆரம்பித்துவிடுவார். உங்கள் மகன் அந்தக் கதையைப் பாட்டி வாயால் கேட்கட்டும்.

முதல் நாள் அவசரமே வேண்டாம். காலைப் பசியாறிவிட்டுக் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். தங்குமிடத்தை ஜார்ஜ்டவுனில் லிட்டில் இந்தியாவுக்கு நடக்கும் தூரத்தில் பிடியுங்கள். இங்கே ஒரு விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். அந்தப் பகுதியில் பழைய கடைவீடுகளை அழகாகப் புதுப்பித்து விடுதி ஆக்கியிருக்கிறார்கள். படத்தில் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, மரப்படி ஏணி மாதிரி நிமிர்ந்து நிற்கும். பணம் கட்டுவதற்கு முன் போன் போட்டு மூன்று கேள்வி கேளுங்கள். லிஃப்ட் இருக்கிறதா, இல்லையென்றால் கீழ்த்தளத்தில் அறை கிடைக்குமா? உட்காரும் கழிப்பறை அறைக்குள்ளேயே இருக்கிறதா? கார் நிறுத்த இடம் உண்டா? மூன்றுக்கும் நல்ல பதில் வந்தால், கொஞ்சம் கூடுதல் வாடகை என்றாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மதியம் எல்லோரும் தூங்குங்கள். கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும், அதனால் வெயிலில் அலைந்தும் பயன் இல்லை. ஐந்து மணிக்கு மேல் லெபோ குயினில் இருக்கும் மகாமாரியம்மன் கோயிலுக்கு நடந்து போங்கள். 1833-இல் கட்டிய கோயில், பினாங்கின் பழைய இந்துக் கோயில்களில் மூத்தது. சற்றுத் தள்ளி 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. ஜார்ஜ்டவுனுக்கு 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்ததற்கு இப்படி எல்லோருடைய கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே தெருவை ஒட்டி நிற்பதும் ஒரு காரணம். பிள்ளைகள் சுவர் ஓவியம் பார்க்க ஆசைப்படுவார்கள். ஆர்மீனியன் தெருவில் நிஜ சைக்கிளைச் சுவரில் பதித்து இரண்டு பிள்ளைகளை வரைந்த படம் இருக்கிறது, ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்தால் போதும். அப்புறம் பாடாங் கோத்தா லாமா கடற்கரைச் சுவரில் காற்று வாங்கிக்கொண்டு ஒரு தட்டு பாசெம்போர் (வடை வகைகளும் காய்கறியும் கலந்து இனிப்புக் காரக் குழம்பு ஊற்றியது). சாப்பாட்டைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாசி கண்டார் என்கிற சோறு, கறி கடைகளில் குழம்பை ஒன்றோடொன்று கலந்து ஊற்றுவார்கள், மகளுக்கு மட்டும் காரம் குறைவான ஒரே குழம்பு கேளுங்கள். மாமியார் சைவம் என்றால் பினாங்கு லக்சா வேண்டாம், அதன் சாறே மீன்.

இரண்டாம் நாள் காலை கொடிமலை, மேலே சொன்னபடி. கெக் லோக் சி, கொடிமலை அடிவாரம் இருக்கும் அதே ஆயர் ஈத்தாம் பகுதியில்தான். ஏழடுக்குக் கோபுரமும் 30 மீட்டர் உயரக் குவான் யின் வெண்கலச் சிலையும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் என்னைக் கேட்டால், இந்தத் தடவை விட்டுவிடுங்கள். சிலை இருக்கும் இடத்துக்குச் சாய்வு லிஃப்ட் உண்டு, ஆனாலும் கோயில் முழுக்கப் படியும் ஏற்றமும். காலையில் மலை பார்த்த முழங்காலுக்கு அது அதிகம். கணவர் விடமாட்டார் என்றால் அவரும் மகனும் மட்டும் ஒரு மணி நேரம் போய் வரட்டும்.

மதிய ஓய்வுக்குப் பிறகு மூன்றரை மணிக்கெல்லாம் பத்து பெரிங்கிக்குக் கிளம்பிவிடுங்கள். வேலை முடிந்து வருகிற வண்டிகளுக்கு முன்னால் போய்விடலாம். மணல் நன்றாக இருக்கும், தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஜெல்லி மீன் வரும் கடல் அது. எச்சரிக்கைப் பலகை இருந்தால் முழங்கால் அளவுக்குக்கூட இறக்காதீர்கள், மணலில் விளையாடட்டும். இறங்கினாலும் ஜெட் ஸ்கீ ஓடும் பக்கத்தில் வேண்டாம். பையில் ஒரு சின்னப் புட்டி வினிகர் வைத்துக்கொள்ளுங்கள். ஜெல்லி மீன் பட்டுவிட்டால் நல்ல தண்ணீரால் கழுவக்கூடாது, மணலாலும் துணியாலும் தேய்க்கக்கூடாது. அரை நிமிஷமாவது வினிகரைத் தாராளமாக ஊற்றி, உடனே கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். மூச்சு வாங்கினால் 999-ஐ அழையுங்கள். இருட்டியதும் அங்கேயே பசார் மாலாம் (இரவுச் சந்தை) இருக்கிறது.

மூன்றாம் நாள் காலை தண்ணீர்மலை. ஏழு மணிக்குக் கணவரும் மகனும் 513 படி ஏறட்டும், பதினோரு வயதுப் பையனுக்கு அது ஒரு சவால். நீங்களும் மாமியாரும் மகளும் அதே சாலையில், சமதரையில் இருக்கும் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போங்கள். தைப்பூசத்துக்கு 1894-லிருந்து வருகிற வெள்ளி ரதம் வந்து சேரும் கோயில் அதுதான். அங்கேயும் தண்டாயுதபாணிதான். மேலே ஏறியவர்கள் விபூதி கொண்டுவந்து பாட்டி நெற்றியில் பூசட்டும்.

அவர்கள் இறங்கியதும் அதே சாலையின் முடிவில் இருக்கும் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள், 1884-இல் தொடங்கியது. நுழைவாயில் பக்கம் நாகலிங்க மரம் நிற்கிறது. பூ கிளை நுனியில் பூக்காது, அடிமரத்திலிருந்தே கொத்தாகப் புறப்படும். ஒன்றைக் கையில் எடுத்து மகளுக்குக் காட்டுங்கள். நடுவில் லிங்கம் மாதிரி ஒரு சின்ன மேடு, அதன்மேல் படமெடுத்த நாகம் குனிந்தது மாதிரி மகரந்த இழைகள். வாசனை கையைவிட்டுப் போக நேரமாகும். கீழே விழுந்ததை எடுத்தால் போதும், பறிக்க வேண்டாம். குரங்குகள் அதிகம். கையில் பிளாஸ்டிக் பை தொங்கினால் அதில் சாப்பாடு என்று பறிக்க வரும், எல்லாவற்றையும் காரிலேயே வைத்துவிடுங்கள். தீனி போடுவதும் தடை.

பெர்ரி ஏறாமல் திரும்பினால் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள். இப்போது பெர்ரியில் கார் ஏற்றுவதில்லை, ஆட்களும் மோட்டார் சைக்கிளும்தான். முதல் நாள் இரவோ இரண்டாம் நாள் இரவோ தீவு ஜெட்டியில் ஏறி பட்டர்வொர்த் போய் அதே மாதிரித் திரும்புங்கள். பெரியவருக்கு 2 ரிங்கிட்தான், கட்டணத்துக்கு அட்டை தேவை. இரவில் ஜார்ஜ்டவுன் விளக்குகள் தண்ணீரில் தெரியும், மாமியார் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மதியத்துக்கு மேல் மழை அதிகம், விடுமுறை அந்த மாதங்களில் விழுந்தால் வெளி வேலையெல்லாம் காலையில் முடியுங்கள். கொடிமலை ரயிலைச் சில நாள் பராமரிப்புக்கு நிறுத்துவார்கள், அறை பதிவு செய்வதற்கு முன்னாலேயே அந்தத் தேதிகளைப் பார்த்துவிடுங்கள். மாமியாரின் மாத்திரையை மூன்று நாளுக்கு இல்லாமல் ஐந்து நாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கார் பூட்டில் ஒரு மடக்கு நாற்காலி போடுங்கள், வரிசையிலும் கடற்கரையிலும் அதுதான் அவருக்குப் பெரிய துணை.