லண்டன் பள்ளி ஒன்று கூட்டுச் சேர ஒப்புக்கொண்டுவிட்டது; மதுரைப் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளி அடுத்து என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஒரு வேலையை முடிவு செய்யுங்கள். அந்தப் பக்கத்து விடை வராமல் நம் பிள்ளைகளால் முடிக்கவே முடியாத வேலையாக அது இருக்க வேண்டும். ‘எங்கள் ஊர், எங்கள் சாப்பாடு’ என்று படம் அனுப்பிக்கொள்ளும் கூட்டு பெரும்பாலும் இரண்டாவது மாதமே ஓய்ந்துவிடும். பதில் வராவிட்டாலும் யாருக்கும் எதுவும் நின்றுபோவதில்லை என்பதுதான் காரணம்.

எட்டாம் வகுப்புக்கு நான் பரிந்துரைப்பது, உச்சிவேளை நிழலை அளந்து பூமியின் சுற்றளவைக் கண்டுபிடிப்பது. மார்ச் 21ஐ ஒட்டி, இரண்டு பள்ளியும் ஒரே நாளில் அளக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனாலே மதுரை நிழல் முக்கால் செ.மீ. குறைந்துவிடும், லண்டனில் கிட்டத்தட்ட 2 செ.மீ. குறையும்.

1 மீட்டர் குச்சியை மணல் வாளியில் நட்டால் போதும் என்று தோன்றும். மதுரையில் அன்றைய நிழலே 17.5 செ.மீ.தான், வாளிக்குள்ளேயே விழுந்துவிடும். தட்டையான பலகையில் எல் வடிவ இரும்புப் பட்டை வைத்துக் குச்சியைத் திருகுங்கள். உயரத்தைப் பலகையின் மேல்பரப்பிலிருந்து அளக்க வேண்டும். பலகைக்கு ரசமட்டம், குச்சிக்குக் கொத்தனாரின் தூக்குக் குண்டு. இரண்டும் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். லண்டனில் நிழல் சுமார் 126 செ.மீ. வரும், அங்கே பலகை ஒன்றரை மீட்டராவது இருக்க வேண்டும். அவர்களுக்கு நிழலின் நுனி இரண்டு செ.மீ. அளவுக்கு மங்கலாகத் தெரியும். மங்கலின் நடுவைக் குறிக்கச் சொல்லுங்கள். மேகம் மூடினால் என்ன செய்வது என்பதற்காக 19 முதல் 23 வரை ஐந்து நாளும் இரு பக்கமும் அளந்து வைத்து, இருவருக்கும் வெயில் கிடைத்த நாளை எடுத்துக்கொள்ளலாம்.

மதுரையில் அன்று சூரியன் உச்சிக்கு வருவது 12.25 வாக்கில். 12.10லிருந்து 12.40 வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பென்சிலால் புள்ளி வைத்தால், இருப்பதிலேயே குட்டையான நிழல்தான் விடை. கிராஃப் தாளில் குச்சியை 10 செ.மீ.யாகவும் நிழலை அதே விகிதத்திலும் சுருக்கி முக்கோணமாக வரைந்து, குச்சியின் உச்சி முனையில் பாகைமானி வைத்தால், இங்கே சுமார் 10 பாகை, அங்கே 51½ பாகை கிடைக்கும். வித்தியாசம் 41½. 360ஐ அதால் வகுத்து, வடக்கு-தெற்குத் தூரமான 4,620 கி.மீ.யால் பெருக்கினால் 40,000 கி.மீ.யை ஒட்டி வரும். மேப்பில் மதுரைக்கும் லண்டனுக்கும் நேர்கோட்டுத் தூரத்தை, அதாவது கிழக்கு-மேற்கு இடைவெளியும் கலந்த சுமார் 8,300 கி.மீ.யை எடுத்தால் விடை 72,000ஐத் தொடும். இந்தத் தப்பைப் பிள்ளைகள் செய்யட்டும். ஏன் என்று இரண்டு வகுப்பும் சேர்ந்து பேசினால், முதல் காணொளி அழைப்புக்கு அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

லண்டன்காரர்கள் அளந்து முடிக்கும்போது நமக்கு மாலை ஐந்தரை தாண்டிவிடும், பள்ளி விட்டிருக்கும். அதனால் அழைப்பை அடுத்த வேலைநாளில் நம் மதியம் 2.30க்கு வையுங்கள், அங்கே காலை 9 மணி. மார்ச் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அதன்பின் அதே 9 மணி நமக்கு 1.30. இது தெரியாமல் அந்த வாரம் இரு பக்கமும் மாறி மாறிக் காத்திருப்பது சகஜம். மாதாந்திர மின்தடை என்றைக்கு என்றும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுமதி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, எச்.எம். வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதுங்கள்: எந்த வகுப்பு, எந்த நேரம், படம் எடுப்பது உண்டா இல்லையா என்று. பெற்றோர் கையெழுத்து தமிழ்ப் படிவத்தில் இருக்கட்டும். பிள்ளையின் முகமும் முழுப்பெயரும் ஒரே படத்தில் வரவே கூடாது.

அன்பினால் அவர்கள் பணம் அனுப்ப முன்வருவார்கள், வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு நன்கொடை பெற 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். ஆசிரியரின் சொந்தக் கணக்கில் வாங்கினால் அவர் வேலைக்கே ஆபத்து. தபாலில் மல்லிகைக் கன்று, விதை, மண் எதுவும் அனுப்ப வேண்டாம், தாவர நலச் சான்று இல்லாமல் அங்கே நிறுத்திவிடுவார்கள்.

இரு பக்கமும் இரண்டிரண்டு ஆசிரியர்கள் இருப்பது கட்டாயம். இடமாறுதல் கலந்தாய்வில் ஒருவர் போய்விட்டால், அவர் செல்போனோடு கூட்டும் போய்விடும். மின்னஞ்சலைப் பள்ளியின் பெயரில் திறந்து, கடவுச்சொல்லை எச்.எம். அறைக் கோப்பில் எழுதி வையுங்கள்.