ஏப்ரல் மலைக்கு விடியவே புறப்படுங்கள்

தம்பி, சுவிஸின் பேர்னில் ஜாக்கெட் இல்லாமல் நடக்கிற காலம் வந்துவிட்டது. ஈஸ்டர் லீவுக்கு வேலையிடத்துச் சிநேகிதர்களோடு கண்டர்ஸ்டேக் மலைக்கிராமத்துப் பக்கம் பனியில் நடக்கப் போகலாமா, பனிச்சரிவு விண்டரோடு முடிந்துவிடும்தானே என்று கேட்டிருந்தீர்கள். பனிச்சரிவு முடிந்துவிடாது. அது வரும் நேரம்தான் மாறும்.

விண்டரில் புதுப்பனியும் காற்றும் பிரச்சினை. இப்போது தண்ணீர்தான் பிரச்சினை. வெயிலில் உருகும் நீர் உள்ளே இறங்கி, பனித்துகள்களின் பிணைப்பை அவிழ்த்துவிடும், தேநீரில் போட்ட சீனிக்கட்டி மாதிரி. பிறகு முழுப் பாரமும் சரியும்.

அதனால் நாளைய வெயிலைவிட இன்றைய இரவைத்தான் கவனிக்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தால் பனி தன் சூட்டை மேலே விட்டுவிட்டு இறுகும். காற்றின் வெப்பம் பூச்சியத்துக்குச் சற்று மேலே நின்றாலும் மேற்பரப்பு உறையும். விடிய, சப்பாத்துக் குதிகூடப் பதியாது. இரவு முழுக்க மேகம் மூடியிருந்தால், அல்லது மழை தூறியிருந்தால், இறுகாது. அந்த நாளில் காலை 7 மணிக்குப் போனாலும் பிந்தித்தான்.

முதலில் சூடேறுவது கிழக்குச் சரிவு, அப்புறம் தெற்கு, பின்னேரம் மேற்கு. உங்கள் பாதை சமதளமாக இருந்தாலும், தலைக்கு மேலே 30 பாகைக்கு அதிகமான சரிவு இருக்கிறதா என்று பாருங்கள். கால் கணுக்காலுக்கு மேல் புதைந்தாலோ, பாறையடியிலிருந்து பனியுருண்டைகள் தாமாக உருண்டு வந்தாலோ, திரும்பிவிடுங்கள். புல்சரிவுகளில் பனி வாய் பிளந்து, மண்ணிறம் தெரியும் வெடிப்புகளும் இருக்கும். அவை நடுச்சாமத்திலும் சரியலாம். அதற்குக் கீழே நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம்.

டாவோஸில் உள்ள எஸ்.எல்.எஃப். என்ற பனிச்சரிவு ஆய்வு நிறுவனத்தின் அபாய அறிக்கை மாலை 5 மணிக்கு வரும்; வைட் ரிஸ்க் ஆப்பில் பார்க்கலாம். மொத்தம் 5 அபாய நிலைகள். 3 என்றால் நடுவில்தானே என்று எண்ணாதீர்கள், உயிரிழப்புகளில் ஏறக்குறைய பாதி அந்த நிலையில்தான் நடக்கிறது. பாதையை மூடி பலகை வைத்திருந்தால், உள்ளே காலடித் தடம் தெரிந்தாலும் போகவேண்டாம். ரேகா ஹெலிகொப்டர் மீட்பின் இலக்கம் 1414.

எங்கள் ஆட்கள் புரியாணி சமைத்துக் கட்டி, 11 மணிக்குத்தான் காரை எடுப்பார்கள். ஏப்ரல் மலைக்கு அது சரிவராது. அந்த நேரத்துக்கு நீங்கள் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி எழும்ப முடியாதென்றால் தூண் (Thun) ஏரிக்கரைக்குப் போய்ச் சாப்பிடுங்கள்.