தடைக்காலத்துல ஜிம்முக்குப் போறேன், முதல்ல உடம்ப ஏத்தவா, தொப்பைய இறக்கவா?

கேள்வி: அண்ணே, எனக்கு 27 வயசு, பாம்பன் பக்கம், விசைப்படகுல தொழிலுக்குப் போறேன். உயரம் 170 செமீ, எடை 61 கிலோ. கை காலெல்லாம் குச்சி, ஆனா தொப்பை மட்டும் சட்டைய தள்ளிக்கிட்டு நிக்கிது, இடுப்பு 34 இன்ச். ஏப்ரல் 15ல மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிக்குது, ரெண்டு மாசம் கரையிலதான், அதனால ஜிம்ல சேரலாம்னு விசாரிக்கப் போனேன். அங்க இருக்க மாஸ்டர், ஆறு மாசத்துல 15 கிலோ ஏத்து, கண்ணுல பட்டதெல்லாம் தின்னு, எடை ஏத்துற மாஸ் கெயினர் பொடி டப்பா வாங்கு, பொறவு கட்டிங் பண்ணி, அதாவது சாப்பாட்டக் குறைச்சு கொழுப்ப இறக்கிக்கலாம்ங்கிறார். கூட வேலை பாக்குறவன் முதல்ல தொப்பைய குறைடாங்கிறான். எதை முதல்ல செய்ய? வீட்டுல மீனும் சோறும்தான், இதுலயே ஆகுமா?

பதில்:

தம்பி, ஏத்திட்டு அப்புறம் இறக்குங்க, வரிசை அதுதான், ஆனா மாஸ்டர் சொல்ற வேகம் வேண்டாம். ஆறு மாசத்துல 15 கிலோ ஏறுனா அதுல பெரும்பகுதி கொழுப்பும் தண்ணியுமாத்தான் இருக்கும், ஏன்னா புதுசா வெயிட் தூக்க ஆரம்பிக்கிற ஆம்பளைக்கு எல்லாம் சரியா நடந்தாலே மாசத்துக்கு அரை கிலோவுல இருந்து ஒரு கிலோ தசை ஏறுனா பெரிய விஷயம், அதுவும் முதல் வருஷம் மட்டும்தான், மருந்து போடாம அதுக்கு மேல பெரும்பாலும் யாருக்கும் ஏறாது. மிச்சம் ஏத்துற ஒவ்வொரு கிலோவையும் பின்னாடி பட்டினி கெடந்து நீங்கதான் இறக்கணும், மாஸ்டர் வந்து இறக்கித் தர மாட்டார். இப்ப கூட்டாளி சொல்ற மாதிரி 61 கிலோவுல இருந்து இன்னும் குறைச்சா என்ன ஆகும்னா, 55 கிலோவுக்கு வந்து நிப்பீங்க, தொப்பை கொஞ்சம் வத்தும், கையும் சேந்து வத்தும், பாக்குறவங்க காய்ச்சல் கண்டவன் மாதிரி இருக்கேம்பாங்க.

குச்சி கை, முன்னால தொப்பைங்கிற இந்த அமைப்பு உங்களுக்கு மட்டும் இல்ல, நம்ம நாட்டுக்காரங்க நிறைய பேருக்கு இதான். 2004ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல ரெண்டு டாக்டர்கள் அவங்க உடம்பையே உதாரணமா போட்டு படத்தோட எழுதுனாங்க, ஒருத்தர் புனேவுல இருக்க சித்தரஞ்சன் யாக்னிக், இன்னொருத்தர் லண்டன் ஜான் யூட்கின். உயரத்துக்கு எடைங்கிற பிஎம்ஐ கணக்குல ரெண்டு பேருக்குமே 22.3 தான், ஆனா உடம்புல கொழுப்பு எவ்வளவுன்னு அளந்தா யூட்கினுக்கு 9.1 சதவீதம், நம்ம யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எடை, கொழுப்பு ரெண்டு மடங்குக்கு மேல. உங்க பிஎம்ஐ 21, சார்ட்ல பாத்தா எல்லாம் சரியா இருக்குன்னுதான் காட்டும், ஆனா எடை மெஷின் சொல்றத விட இஞ்ச் டேப் சொல்றத நம்புங்க. இந்திய ஆம்பளைக்கு இடுப்பு 90 செமீ தாண்டுனா சர்க்கரை, ஹார்ட் பிரச்சனைக்கு வாய்ப்பு கூடுதுன்னு கணக்கு, உங்க 34 இன்ச்ங்கிறது 86 செமீ. அதுவும் பேண்ட் சைஸ சொல்லியிருந்தீங்கன்னா அது கணக்கு இல்ல, தொப்புள் மட்டத்துல டேப் வச்சு, மூச்ச இழுத்துப் பிடிக்காம அளந்து பாருங்க. கிட்டத்தட்ட வரப்புல நிக்கிறீங்க, அதனாலதான் கண்டபடி ஏத்தக் கூடாதுங்கிறேன்.

கடல்ல இவ்வளவு வேலை பாக்குறேனே, இதுலயே உடம்பு ஏறாதான்னு நிறைய பேர் கேக்குறாங்க. வலைய வின்ச் மெஷின் இழுத்தாலும் மீன் நிறைஞ்ச வலை மடிய படகுல ஏத்துறது, மீன் பிரிக்கிறது, ஐஸ் அள்ளுறது, பெட்டி தூக்குறதுன்னு முதுகு ஒடியத்தான் செய்யுது, ஆனா அந்த பெட்டி போன வருஷம் என்ன வெயிட்டோ இந்த வருஷமும் அதேதான். உடம்பு அந்த எடைக்குப் பழகுனதோட சரி, அதுக்கு மேல தசை வளக்க அதுக்கு ஒரு அவசியமும் இல்ல. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட வெயிட்டு, இல்லன்னா அதே வெயிட்ல ரெண்டு ரெப்ஸ், அதாவது ரெண்டு தடவ கூட தூக்குறது, இப்படி ஏத்திக்கிட்டே போனாத்தான் வளரும், ஜிம்முக்குப் போறது அதுக்குத்தான். இன்னொன்னு ராத்தூக்கம். விடிய விடிய முழிச்சு கரைக்கு வந்து, ஏலம் முடிஞ்சு, பகல்ல கோழித்தூக்கம் தூங்குற உடம்பு எதைத் தின்னாலும் சரியா தேறாது.

அதனால ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் உள்ள 61 நாள் உங்களுக்கு லட்டு மாதிரி. இந்த ரெண்டு மாசத்துல ஏத்தவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்! எடை 61லயே நிக்கிற மாதிரி சாப்பிடுங்க, புரதம் மட்டும் நிறைய, வெயிட் தூக்குறது ஒழுங்கா, தூக்கம் ஏழெட்டு மணி நேரம். புதுசா தூக்குற ஆளுக்கு, அதுவும் வயித்துல கொழுப்பு சேத்து வச்சிருக்க ஆளுக்கு, இந்த மாதிரி இருந்தாலே தசை ஏறிக்கிட்டே கொழுப்பும் கொஞ்சம் கரையும், பழைய ஆளுங்களுக்கு இது லேசுல நடக்காது, உங்களுக்கு நடக்கும். மெஷின் அதே நம்பரைக் காட்டும், சட்டை மட்டும் தோள்ல இறுகும், வயித்துல தளரும்.

வாரத்துக்கு மூணு நாள் ஜிம் போதும், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும். வெயிட்டோட உக்காந்து எந்திரிக்கிற ஸ்குவாட், படுத்துக்கிட்டு நெஞ்சுக்கு மேல தள்ளுற பெஞ்ச் பிரஸ், குனிஞ்சு வயித்துப் பக்கம் இழுக்குற ரோ, தோளுக்கு தலைக்கு மேல தூக்குற ஓவர்ஹெட் பிரஸ், தரையில இருந்து தூக்குற டெட்லிஃப்ட், முடிஞ்சா கம்பில தொங்கி ஏறுற புல்லப்ஸ், இதுல ஒரு நாளைக்கு நாலோ அஞ்சோ, ஒவ்வொண்ணும் மூணு செட், அதாவது நடுவுல ஓய்வு விட்டு மூணு சுத்து, 8ல இருந்து 12 ரெப்ஸ், இன்னும் ஒண்ணு ரெண்டு போடலாம்ங்கிற எடத்துல நிறுத்துங்க. ஒரு தசைக்கு வாரத்துக்கு பத்து செட் பக்கம் வந்துட்டா ஆரம்பத்துக்கு தாராளம். திங்கக்கிழமை நெஞ்சு, செவ்வாக்கிழமை பைசெப்ஸ்னு ஆறு நாளா பிரிச்சுக் குடுப்பாங்க, உங்களுக்கு அது தேவையில்ல, ஒரு நாள் விட்டா அந்த தசைக்கு அடுத்த வாரம்தான். என்ன தூக்குனீங்கன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க, இதை மட்டும் விடாதீங்க. நம்ம பக்கம் சித்திரை வைகாசி புழுக்கத்துல தகர ஷெட்டு ஜிம்ல மத்தியானம் போய் நிக்காதீங்க, விடியக்காலையோ பொழுது சாஞ்சோ போங்க, பிளாஸ்டிக் ஜாக்கெட் மாட்டி வேர்த்தா தொப்பை கரையும்னு எவனாவது சொன்னா அது வெறும் தண்ணி, ஒரு செம்பு குடிச்சா திரும்பி வந்துரும்.

சாப்பாட்டுக்கு வருவோம், மீனும் சோறும்தான்னு என்னமோ குறையா சொல்றீங்க, மதுரைக்காரன் கோழி நெஞ்சுக்கறிக்கு அலையுறான், உங்களுக்கு வாசல்லயே கெடக்கு. புரதம் உடம்பு எடைல கிலோவுக்கு 1.6 கிராம்ங்கிறது நல்ல கணக்கு, உங்களுக்கு 100 கிராம் பக்கம் வரும். மீன் எதுவா இருந்தாலும் 100 கிராம் சதைக்கு 18ல இருந்து 23 கிராம் புரதம், சீலா திங்கணும்னு ஒண்ணும் இல்ல, சாளை, சூடை, நெத்திலி, சூரை எல்லாம் ஒண்ணுதான், சூரைல இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கு. காலைல நாலு இட்லியோட மூணு முட்டை, 26 கிராம். மத்தியானம் சோறோட 200 கிராம் மீன், முள்ளு தலை கணக்குல சேராது, சோத்தையும் சேத்து 48. சாயங்காலம் ரெண்டு கை வறுத்த கடலை, 10. ராத்திரி தோசையோ சோறோ, கூட ஒரு கிண்ணம் சுண்டல், 10. ஒரு பெரிய டம்ளர் பால், 8. 100 தாண்டிருச்சா, டப்பா எதுக்கு? தடைக்காலத்துல விசைப்படகு மீன் இருக்காது, வள்ளத்து மீன் வரும், வெலை கூடவா இருக்கும், அந்த நாள்ல முட்டைய ரெண்டு கூட்டிக்கங்க, கருவாடும் புரதம்தான் ஆனா உப்பு ஜாஸ்தி, நல்லா ஊறவச்சு தண்ணிய ரெண்டு தடவ மாத்துங்க, வீட்டுல பிரஷர் இருக்கவங்களுக்கு அதுவும் வேண்டாம். கருவாட்டுக் குழம்பு தின்ன மறுநாள் மெஷின்ல ஒரு கிலோ கூட காட்டும், பயப்படாதீங்க, உப்பு பிடிச்சு வச்ச தண்ணி அது.

ஜூன் பாதியில படகு இறங்குனதும் ஏத்த ஆரம்பிங்க. பெரிசா ஒண்ணும் இல்ல, இதே சாப்பாட்டோட ஒரு நாளைக்கு 200, 250 கலோரி கூட, அதாவது ஒரு கப் சோறு, இல்லன்னா ரெண்டு வாழைப்பழம். ஆனா கடலுக்குப் போற நாள்ல உடம்பு எரிக்கிறதே நிறைய, அங்க சோத்தையும் குழம்பையும் நேரங்கெட்டு தின்னுட்டு கணக்குல வாரக் கடைசில பாத்தா கூடவே சாப்பிட்டிருக்க மாட்டீங்க, அதனால அவிச்ச முட்டை, கடலை, பழம்னு ஒரு பையில போட்டு படகுல ஏத்திருங்க. கடல்ல இருந்து கரைக்கு வந்த அன்னைக்கு ஜிம் வேண்டாம், தூங்குங்க, மறுநாள் போங்க, மூணு நாள் முடியலன்னா ரெண்டு நாள் போதும். கரைக்கு வந்ததும் பாட்டில் தொறக்கிற பழக்கம் இருந்தா அது தூக்கத்தையும் கெடுக்கும், தொப்பையும் போடும், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

காலைல வயிறு காலி பண்ணிட்டு எடை பாருங்க, தினம் பாத்து வாரத்துக்கு சராசரி எடுங்க, ஒரு நாள் நம்பருக்கு அர்த்தமே கிடையாது. சராசரி வாரத்துக்கு 150ல இருந்து 300 கிராம் ஏறுனா சரியான பாதை. அதுக்கு மேல ஏறுனா அரை கப் சோத்தைக் குறைங்க, ரெண்டு வாரமா ஏறவே இல்லன்னா கூட்டுங்க. மாசத்துக்கு ஒரு தடவ இடுப்ப அளங்க, அது 90 செமீய தொட்டா எடை எவ்வளவா இருந்தாலும் ஏத்துறத அன்னையோட நிறுத்திருங்க. இப்படியே ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சு மார்கழி வரைக்கும் போனா 66, 67 கிலோல இருப்பீங்க, மாஸ்டர் கணக்குல பாதி கூட இல்ல, ஆனா பாதிக்கு மேல கறியா இருக்கும்.

பொங்கல் முடிஞ்சு இறக்க ஆரம்பிங்க, பங்குனிக்குள்ள ஒரு பத்து வாரம். இங்கதான் நிறைய பேர் ஏத்துனதெல்லாம் தொலைக்கிறாங்க. கட்டிங்னா லேசான வெயிட்ட எடுத்து 30 தடவ, 40 தடவ ஆட்டணும், சோறே தொடக்கூடாது, ஒரு மணி நேரம் ஓடணும்னு ஒரு நம்பிக்கை. தப்பு. தசைய வளத்தது எந்த வெயிட்டோ அதே வெயிட்டுதான் தசைய காப்பாத்தும், 60 கிலோ ஸ்குவாட் போட்டீங்கன்னா கட்டிங்லயும் 60ஐ விடக் கூடாது, செட்டு வேணா மூணுக்கு ரெண்டா குறைச்சுக்கங்க. வெயிட்ட இறக்கிட்டு சாப்பாட்டையும் இறக்குனா, இந்த தசை இனிமே தேவையில்லன்னு உடம்பு அதையும் சேத்துக் கரைச்சிரும்.

ஒரு கிலோ கொழுப்புங்கிறது 7700 கலோரி பக்கம், நாளைக்கு 400 குறைச்சா வாரத்துக்கு 350 கிராம் சொச்சம் இறங்கும், உங்க எடைக்கு அது போதும். 400 எங்க இருந்து வரும்னா, ஒரு கப் சோறு 200, வறுக்குற எண்ணெய்ல ஒரு பெரிய ஸ்பூன் 120, மிச்சம் டீல இருக்கு: ஆறு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சீனின்னா அதுவே 200 கலோரிக்கு மேல, சீனிய பாதியாக்குனா நூறு வந்துருச்சு. சீனிக்குப் பதிலா கருப்பட்டி போட்டா ஒண்ணும் செய்யாதுன்னு நம்ம ஆளுங்க ஏமாத்திக்கிறது, கலோரிக்கு ரெண்டும் ஒண்ணுதான், பதநீரும் அப்படித்தான், நுங்கு பரவால்ல. தேங்காய்ப்பால் ஊத்துன சொதிய வாரத்துக்கு ஒரு நாளா வச்சுக்கிட்டு புளிக்குழம்புக்கு மாறுங்க, மீன வறுக்காம குழம்புல போடுங்க. புரதத்தை மட்டும் குறைக்காம கிலோவுக்கு 2 கிராம் பக்கம், 130 வரைக்கும் கூட்டுங்க, கணவாயும் இறாலும் இதுக்கு ரொம்ப நல்லது, கொழுப்பே இல்லாத கறி, வயிறும் நிறையும். வயித்துக் கொழுப்பு வயித்துப் பயிற்சி செஞ்சா போகாது, மொத்த உடம்புல குறையும்போது அதுவும் குறையும், அதுவும் கடைசியாத்தான், முகமும் கையும் முதல்ல வத்தும், மனசு விட்டுராதீங்க. 63, 64 கிலோவுல நிப்பீங்க, இப்ப இருக்கறத விட ரெண்டு மூணு கிலோதான் கூட, ஆனா ஆளே வேற.

டப்பா விஷயம். மாஸ் கெயினர்ல பெரும்பாலும் பாதிக்கு மேல மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்துப் பொடி, லேபிள திருப்பிப் பாத்தா தெரியும், தடைக்கால நிவாரணப் பணத்தக் கொண்டு போய் அதுல கொட்டாதீங்க, அந்த வேலைய நம்ம சோறே செய்யும். வே புரோட்டீன், அதாவது பால்ல இருந்து எடுக்கிற புரதப் பொடி, வேணும்னா வாங்கலாம், மீன் கெடைக்காத நாளுக்கு ஒரு ஸ்கூப். கிரியேட்டின் மோனோஹைட்ரேட்ங்கிற பொடி, தசைக்கு தூக்குற தெம்பு குடுக்கும், தினம் 3ல இருந்து 5 கிராம் உண்மையாவே வேலை செய்யிற பொருள், ஆரம்பத்துல ஒரு கிலோ தண்ணி ஏறும், அவ்வளவுதான். ஊசி போடலாமான்னு ஜிம்ல எவனாவது கேட்டா அந்த ஜிம்மையே மாத்துங்க, வெளிய இருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏத்துனா உடம்பு சொந்தமா சுரக்கிறத நிறுத்திக்கும், விந்தணு கொறையும், ஹார்ட்டையும் பாதிக்கும். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சுகர், பிரஷர், கிட்னி டெஸ்ட் ஒரு தடவ எடுத்துருங்க, கிட்னில ஏற்கனவே கோளாறு இருந்தா இவ்வளவு புரதம் டாக்டர் சொல்லாம சாப்பிடக் கூடாது, யூரிக் ஆசிட் இருந்தா நெத்திலியும் சாளையும் குறைக்கணும். கிரியேட்டின் எடுத்துக்கிட்டு இருக்கும்போது ரத்தம் குடுத்தா ரிப்போர்ட்ல கிட்னி எப்படி இருக்குன்னு பாக்குற கிரியாட்டினின் அளவு கொஞ்சம் கூட வரலாம், அதனால பொடி சாப்பிடுறேன்னு டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லிருங்க.