மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) அடிக்கிற மருந்தால் தைராய்டு வருமா?

கேள்வி: பண்ருட்டி பக்கத்தில் கிராமம். வயது 34. மல்லாட்டை இலைப்புள்ளிக்கு வீட்டுக்காரர் மேங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து அடிப்பார். கரைத்துக் கொடுப்பதும் அவர் துணியைத் துவைப்பதும் நான்தான். எனக்குத் தைராய்டு ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். 8.4 என்று கூடுதலாக வந்து, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மருந்தடிப்பதை விட்டால் மாத்திரையையும் விட்டுவிடலாமா?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் அம்மா. ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். மேங்கோசெப் சிதைந்தால் எத்திலீன் தயோயூரியா என்ற பொருள் உண்டாகிறது. தைராய்டு சுரப்பியில் அயோடினை ஹார்மோனோடு சேர்க்கும் நொதியை அது தடுத்துவிடும். ஹார்மோன் குறைந்ததும், சுரப்பியை முடுக்கிவிட மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச். என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா விவசாயக் குடும்பங்களில் நடந்த பெரிய ஆய்வில், இந்த வகைப் பூஞ்சைக்கொல்லியைக் கையாண்ட மனைவிமாரிடம் தைராய்டு குறைபாடு கூடுதலாகக் காணப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் மேங்கோசெப்புக்கான அனுமதியைப் புதுப்பிக்கவில்லை.

அதற்காக உங்களுக்கும் இதனால்தான் வந்தது என்று டி.எஸ்.எச்.சை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவதுதான் நம்மிடம் அதிகம் காணும் காரணம். அப்படித் தாக்குகிறதா என்று காட்டும் ஆன்டி டி.பி.ஓ. ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். அது பாசிட்டிவ் என்றால், மருந்தடிப்பதை விட்டாலும் மாத்திரை தேவைப்படலாம். எப்படியும் 6 முதல் 8 வாரம் கழித்து டி.எஸ்.எச். மறுபடி பாருங்கள், அதற்கு முன்பு பார்த்தால் சரியான நிலவரம் தெரியாது.

பாக்கெட்டில் பச்சை முக்கோணம்தானே போட்டிருக்கிறது என்று பலர் வெறுங்கையால் கலக்குகிறார்கள். அந்த நிறம் உடனடி விஷத்தன்மையை வைத்துப் போடுவது. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேர்வதால் ஹார்மோனுக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்லாது.

கரைக்கும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். பொடி பறக்கும், கையிலும் ஒட்டும். காற்றுக்கு எதிரே நிற்காமல், ரப்பர் கையுறையும் மாஸ்க்கும் போட்டு, குச்சியால் கலக்குங்கள். டேங்க் ஒழுகி முதுகு நனைந்தால் வீட்டுக்காரர் உடனே சட்டையைக் கழற்றி சோப்புப் போட்டுக் குளிக்கட்டும். அந்தத் துணியைப் பிள்ளைகள் துணியோடு ஊறவைக்காமல், கையுறையோடு தனியாகத் துவையுங்கள். மீந்த பொடியை மோட்டார் கொட்டகைக் கூரையில் செருகி வைக்காதீர்கள். சூட்டிலும் ஈரத்திலும் எத்திலீன் தயோயூரியா இன்னும் அதிகமாகும்.

அப்புறம், குழந்தைக்குத் திட்டமிருந்தால் இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் 3 மாதம் வயிற்றுக் குழந்தை தாயின் தைராய்டு ஹார்மோனையே நம்பியிருக்கும். அந்தச் சமயத்தில் மருந்து கரைக்கிற வேலை உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.