வண்டி கேள்வி–பதில்: புளோயரில் கருகல் வாடை

கேள்வி: எங்கள் வேன் ஒன்பது வருஷ பழசு. ஸ்கூல் டிரிப், கல்யாண வாடகை இரண்டுக்கும் ஓடுகிறது. கொஞ்ச நாளாக ஏசி புளோயர் 1, 2, 3-இல் சுத்தவே இல்லை, 4-இல் மட்டும் ஓடியது. எலக்ட்ரீஷியன் உள்ளே ஒரு சின்ன பாகத்தில் ஈயம் வைத்து 'டைரக்ட்' கொடுத்துவிட்டார். இப்போது எல்லா ஸ்பீடும் வருகிறது, ஆனால் 1-இல் வைத்தால் பிளாஸ்டிக் கருகும் வாடை. ஃபியூஸ் போகவில்லை, அதனால் பயமில்லைதானே? (வாசகர், நாமக்கல்)

பதில்: பயம் இருக்கிறது. முதலில் புளோயர் ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள், பிள்ளைகள் ஏறுகிற வண்டி.

அவர் ஈயம் வைத்த இடம் ரெசிஸ்டரில் (கரண்டைத் தடுத்து விசிறி வேகத்தைக் குறைக்கும் பாகம்) இருக்கும் தெர்மல் ஃபியூஸாகத்தான் இருக்கும். குறைந்த ஸ்பீடுகளில் கரண்ட் ரெசிஸ்டர் வழியாகப் போய்த்தான் மோட்டாரைச் சேரும். 4-இல் அதைத் தொடாமல் நேராகப் போய்விடும். அதனால்தான் உங்களுக்கு 4 மட்டும் ஓடியது. ரெசிஸ்டர் சூடாவது இயல்பு, அதைக் காற்றுக் குழாய்க்குள் வைத்திருப்பதே புளோயர் காற்று பட்டு ஆறட்டும் என்றுதான். காற்று நின்றாலோ மோட்டார் இறுகினாலோ சூடு அளவு மீறும், உடனே தெர்மல் ஃபியூஸ் அறுந்துகொள்ளும். உங்கள் வண்டியில் அது தன் வேலையைச் செய்திருக்கிறது, அதற்குப் பரிசாக அதையே செயலிழக்க வைத்துவிட்டார்கள்.

ஃபியூஸ் பாக்ஸில் இருக்கும் பெரிய ஃபியூஸ் ஏன் போகவில்லை என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். ரெசிஸ்டர் 2.5 ஓம், மோட்டார் சுற்று அரை ஓம், பேட்டரி 12 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் சுத்தாமல் இறுகி நின்றாலும் ஓடுகிற கரண்ட் 4 ஆம்பியர்தான், 30 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது கொசுக்கடி. ஆனால் ரெசிஸ்டரில் இறங்கும் சூடு 40 வாட், உங்கள் எலக்ட்ரீஷியன் கையில் இருக்கும் 25 வாட் ஈயப்பற்றுக் கோலைவிட அதிகம், அதுவும் காற்று இல்லாத பிளாஸ்டிக் கூட்டுக்குள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பிரிட்டனில் வாக்ஸ்ஹால் ஸாஃபிரா பி என்ற ஏழு பேர் வண்டி வரிசையாகத் தீப்பிடித்தபோது, 2015-இல் நிறுவனம் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது. முதலில் சொன்ன காரணம் நீங்கள் எழுதியிருப்பதேதான்: புளோயர் ரெசிஸ்டரின் தெர்மல் ஃபியூஸில் முறையற்ற ரிப்பேர். சரி செய்த பிறகும் சில வண்டிகள் எரிந்ததால் 2016-இல் மறுபடி அழைத்தார்கள், அப்போது மோட்டாரையும் மாற்ற வேண்டியதாயிற்று. 2017-இல் நாடாளுமன்றப் போக்குவரத்துக் குழு, நிறுவனம் ரொம்ப மெதுவாக நடந்துகொண்டது என்று கண்டித்தது. என் கருத்தில் அந்த முதல் விளக்கம் பாதிதான். கண்டபடி ரிப்பேர் செய்தது தப்பு, சரி, ஆனால் ஃபியூஸ் முதலில் ஏன் அறுந்தது என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

அதே கேள்வியை உங்கள் வண்டியிடமும் கேளுங்கள். ரெசிஸ்டரைப் புதிதாகப் போடுவதற்கு முன் மோட்டாரைக் கழற்றி விசிறியைக் கையால் சுத்திப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். உராய்ந்து நின்றால் புஷ் (மோட்டார் தண்டு சுத்தும் உலோக வளையம்) போய்விட்டது, மோட்டாரையும் சேர்த்து மாற்றுங்கள். மரத்தடியில் நிறுத்துகிற வண்டியென்றால் வைப்பர் அடியில் சருகு அடைத்து, மழைத் தண்ணீர் புளோயருக்குள் இறங்கி மோட்டாரைத் துரு ஏற்றும். எலி கூடு கட்டிய புளோயர் பெட்டியைத் திறந்தால் பஞ்சும் பேப்பருமாக இருக்கும், தீக்கு அதைவிட வேறென்ன வேண்டும். கேபின் ஃபில்டர் அடைத்திருந்தாலும் காற்று குறையும். அப்புறம் கனெக்டரைக் கழற்றிப் பின்களைப் பாருங்கள். ஏதாவது ஒன்று பழுப்பாகி, பிளாஸ்டிக் கொஞ்சம் உருகி ஒட்டியிருந்தால் அங்கே பிடிப்பு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். 20 ஆம்பியர் ஓடும்போது 0.05 ஓம் தளர்வே 20 வாட் சூடு தரும். ரெசிஸ்டரை மட்டும் மாற்றி அந்தப் பழைய கனெக்டரையே செருகினால் இன்னும் சில மாதத்தில் மறுபடி எழுதுவீர்கள்.

ஓடும்போது வாடை வந்தால் புளோயரை நிறுத்துவதோடு விடாதீர்கள். ஓரம் கட்டி, இக்னிஷன் ஆஃப் செய்து, எல்லோரையும் இறக்கிவிடுங்கள். புகை தெரியாமல் இருந்தால் மட்டும் பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள்.

கேள்வி: பின்சீட் புளோயருக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறது. 30 போடலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: வேண்டாம். வயரின் தடிமனைப் பார்த்துத்தான் 15 வைத்திருக்கிறார்கள். 30 போட்டால் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும். கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிக் கவ்வி கரண்டை அளக்கும் கருவி) வைத்து மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்தால், தகர ஓட்டை வழியாகக் கூரைக்குப் போகும் இடத்தில் வயரைத் தேடுங்கள். அங்கே ரப்பர் வளையம் இல்லாமல் உரசி, செம்பு தெரிந்துகொண்டிருக்கும்.