தீராத முதுகுவலி, முழங்கால் வலி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

நான் பிசியோதெரபிஸ்ட். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலி பற்றி வந்த கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: வயது 42. எட்டு மாதமாக இடுப்புவலி. காலில் மரத்துப்போதல் எதுவும் இல்லை. ஆனால் ஸ்கேனில் ‘டிஸ்க் பல்ஜ்’ (முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டு பிதுங்கியிருப்பது) என்று வந்ததிலிருந்து குனியவே பயம், சார். தண்ணீர்க் குடம்கூடத் தூக்குவதில்லை.

பதில்: அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், அம்மா. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை அலசிய ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2015-இல் வந்தது. அதில் 40 வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு இதே பல்ஜ் இருந்தது. தலைமுடி நரைப்பது மாதிரிதான். பல்ஜை விட இந்தப் பயம்தான் உங்களை அதிகம் முடக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். குனியாமலே இருந்தால் முதுகுத் தசை தளர்ந்துபோகும். அப்புறம் சின்ன வேலைக்கும் வலிக்கும். கால் குடம் தண்ணீரில் ஆரம்பியுங்கள், வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். தூக்கும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் பழையபடி ஆகிவிட்டால் அந்த அளவு உங்களுக்குச் சரி. வலி முழுதாகப் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். பெரும்பாலும் வேலைத்திறன்தான் முதலில் திரும்பும். வலி மெதுவாகப் பின்னால் குறையும்.

கேள்வி: இடுப்பு பெல்ட், டிராக்‌ஷன் (எடை கட்டி முதுகை இழுக்கும் சிகிச்சை) உதவுமா?

பதில்: நாள்பட்ட இடுப்புவலிக்கு இரண்டும் வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. உடற்பயிற்சியைத்தான் பரிந்துரைக்கிறது.

கேள்வி: திருப்பூரில் தையல் வேலை. அவசர ஆர்டர் என்றால் நாலு மணி நேரம் எழாமல் தைப்பேன், அப்புறம் இரண்டு நாள் படுக்கைதான், அண்ணா.

பதில்: எத்தனை நிமிடத்தில் வலி ஏறுகிறது என்று பாருங்கள், தங்கச்சி. 40 என்றால் 30-இலேயே எழுந்துவிடுங்கள், வலித்தாலும் வலிக்காவிட்டாலும். இரண்டு நிமிடம் நடந்து, தோளைச் சுழற்றிவிட்டு உட்காருங்கள். தைத்த பீஸுக்கு ஏற்ற கூலி என்கிற பீஸ் ரேட்டில் இது கஷ்டம்தான், தெரியும். ஆனால் படுத்திருக்கும் இரண்டு நாள் கூலியையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 63, முழங்கால் தேய்மானம். நடந்தால் இன்னும் தேயுமா?

பதில்: அளவாக நடந்தால் தேயாது. உயரமான நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி தரலாம். தொடைத் தசை வலுவானால் மூட்டு தாங்கும். உடல் எடை 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் சுமார் 4 கிலோ பாரம் குறையும்.

கேள்வி: அப்பாவுக்குப் பழைய இடுப்புவலி. நேற்றிலிருந்து உட்காரும் இடம் மரத்துவிட்டது, சிறுநீர் சரியாகப் போகவில்லை. என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: பயிற்சி எதுவும் வேண்டாம். நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.